கால்களின் மேல் ஊர்ந்த ராஜநாகம்

கேள்வி: இராணுவத்தில் பணிபுரியும் என் அண்ணன் மகன், வடகிழக்கு மாநிலம் ஒன்றில் காட்டுப் போர்ப் பயிற்சியின்போது இரவெல்லாம் புதரில் பதுங்கியிருந்தான். விடியும் வேளையில் ஒரு ராஜநாகம் அவன் கால்களின் மேல் ஊர்ந்து சென்றதாம். அசையாமல் கிடந்ததால் பிழைத்தேன் என்கிறான். துப்பாக்கி இருந்தும் ஏன் சுடவில்லை? அசையாமல் இருப்பது எல்லா விலங்குகளுக்கும் பொருந்துமா?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் அண்ணன் மகன் செய்தது முற்றிலும் சரி. ராஜநாகம் பெரும்பாலும் மற்றப் பாம்புகளைத் தின்று வாழ்வது. மனிதனை அது இரையாகக் கருதுவதில்லை. மிதிபட்டாலோ, பிடிபட்டாலோ, தப்பிச் செல்ல வழியில்லை என்று உணர்ந்தாலோதான் அது கடிக்கும். புறச்செவி இல்லாத பாம்பு, தரையின் அதிர்வைத் தாடை எலும்புகள் வழியாக உணர்கிறது. அசைவையும் எளிதில் கண்டுகொள்கிறது. ஆகவே அசையாமல் கிடக்கும் உடல், அதற்கு ஏறக்குறைய ஒரு மரக்கட்டைதான். அவர் காலை உதறியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும்.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். இத்தகைய பயிற்சிகளில் பெரும்பாலும் ஓசை மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாக்களே தரப்படுகின்றன. உண்மைத் தோட்டாவே இருந்தாலும், தன் கால்மேல் ஊரும் பாம்பைச் சுடுபவர் முதலில் தன் காலைத்தான் இழப்பார். சட்டம் இங்கே தடையில்லை. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் வனவிலங்கைக் கொல்வது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றமாகாது.

கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வழக்கமாகக் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. ராஜநாகம் அதில் சேராது. அதன் நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், செயற்கைச் சுவாசம் தரக்கூடிய மருத்துவமனைக்கு எவ்வளவு விரைவில் கொண்டுசெல்கிறார்கள் என்பதில்தான் உயிர் தங்கியிருக்கும். காட்டின் நடுவே அந்த விரைவு எளிதில் கிடைப்பதில்லை. கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே தரும். கடிபட்ட உறுப்பை அசையவிடாமல், அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்வதே முறை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பொருந்தாது, பொருந்தவே பொருந்தாது. படைவீரனுக்குக் கற்பிக்கப்படுபவை ஓசையின்றி நடத்தல், விளக்கில்லாமல் செல்லுதல், உருவத்தை மறைத்துக்கொள்ளுதல் ஆகியவை. காட்டில் வாழ்பவர்களோ பேசிக்கொண்டும் செருமிக்கொண்டும் நடப்பார்கள். அவ்வோசையைக் கேட்டுப் பெரும்பாலான விலங்குகள் தாமாகவே ஒதுங்கிவிடும். பதுங்கிச் செல்லும் வீரன் அந்த எச்சரிக்கையைத் தராததால், விலங்கும் அவனும் மிக நெருக்கத்தில் எதிர்பாராமல் முட்டிக்கொள்கிறார்கள். பயிற்சிக் காலத்துச் சந்திப்புகள் இத்தனை ஆபத்தாவதற்கு இதையே முதற்காரணமாக நான் கருதுகிறேன். குறிப்பாகக் கரடியைத் திடுக்கிடச் செய்வதைப்போல் ஆபத்தானது வேறில்லை. அது அஞ்சி ஓடுவதற்குப் பதிலாகப் பாய்ந்து முகத்தைத்தான் தாக்கும்.

யானையிடம் அசையாமல் இருந்தும் பயனில்லை. அதற்குப் பார்வை மந்தம். ஆனால் மோப்பம் மிகக் கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி வீசுமானால், எந்தப் புதரும் உங்களை மறைக்காது. அது உங்களை உணர்வதற்கு முன்பே, காற்று அதனிடமிருந்து உங்களை நோக்கி வரும் திசையில் சத்தமின்றி விலகிவிட வேண்டும். துரத்தத் தொடங்கிவிட்டால் முதுகுப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய பாறையையோ பருத்த மரத்தையோ இடையில் வைத்துக்கொண்டு நகர வேண்டும். சிறுத்தையும் புலியும் எதிர்ப்பட்டால் ஓடவும் கூடாது, குனியவும் கூடாது. முகத்தை அதன் பக்கமே வைத்து, நிமிர்ந்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும்.