இன்ஸ்டால் முடிந்தும் சர்வர் எழவில்லையா?

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்துக்குப் பழைய ரேக் சர்வர் ஒன்று வாங்கினோம். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு இருக்கின்றன. பென் டிரைவ் மூலம் டெபியன் 12 லினக்ஸைப் போட்டேன். பிழை எதுவும் வராமல் முடிந்தது. பென் டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தால் கருப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று மட்டும் வருகிறது. மூன்று முறை அழித்துப் போட்டும் இதே கதைதான். டிஸ்க் போய்விட்டதா?

பதில்: டிஸ்க் போயிருக்க வாய்ப்பு குறைவு. மூன்று முறையும் முழு சிஸ்டத்தையும் சத்தமில்லாமல் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறதே! நான்காவது முறை அழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். அதே பென் டிரைவ், அதே பதில்கள் என்றால் அதே கருப்புத் திரைதான் வரும்.

முதலில் அந்தச் செய்தியைச் சொல்வது யார் என்று பாருங்கள். அது லினக்ஸ் சொல்வது அல்ல, மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல் சொல்வது. அதாவது லினக்ஸின் ஒரு வரிகூட இன்னும் ஓடவில்லை. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), டிரைவர், பாஸ்வேர்ட் எதையும் சந்தேகப்பட வேண்டாம். ‘எங்கிருந்து தொடங்குவது’ என்பதே ஃபர்ம்வேருக்குத் தெரியவில்லை.

தொடங்கும் விதம் இரண்டு. பழைய பயாஸ் முறையில், டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து அதில் உள்ள குட்டி நிரலை ஓட்டும். நிரலுக்கு அதில் கிடைக்கும் இடம் 446 பைட்தான். புதிய யுஇஎஃப்ஐ முறையில், டிஸ்கில் ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் தனியாகப் பிரித்த ஒரு சிறிய பகுதிக்குள் (பார்ட்டிஷன்) போய், அங்கிருக்கும் கோப்பை எடுத்து ஓட்டும். அந்தப் பகுதியை இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். ஒரு முறைக்காகப் போட்ட டிஸ்க் மற்ற முறையில் இருக்கும் ஃபர்ம்வேருக்கு வெற்று டிஸ்க் மாதிரிதான்.

இன்ஸ்டாலர் எந்த முறையில் தொடங்கியதோ அதற்கேற்பத்தான் சிஸ்டத்தை அமைக்கும். பூட் மெனுவைத் திறந்தால் பல சர்வர்களில் அதே பென் டிரைவ் இரண்டு வரிகளாகத் தெரியும்: ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அவசரத்தில் கை எதில் படுகிறதோ அதுதான் தலையெழுத்து.

உங்கள் விஷயத்தில் இன்னொரு பொறியும் உண்டு. டிஸ்கில் முன்பு வேறு சிஸ்டம் பழைய முறையில் இருந்திருந்தால், டெபியன் நடுவில் நிறுத்தி, ‘கட்டாயமாக யுஇஎஃப்ஐ முறையில் போடவா?’ என்று கேட்கும். பயந்துபோய் ‘வேண்டாம்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம். சொன்னால் அது பயாஸுக்காகப் போட்டுவிடும். சர்வரோ யுஇஎஃப்ஐ முறையிலேயே நிற்கும். பழைய சர்வர் வாங்கியவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் பூட் மோடை மாற்றுங்கள். லெகஸி (பழைய பயாஸ் முறை) என்று இருந்தால் யுஇஎஃப்ஐ, யுஇஎஃப்ஐ என்று இருந்தால் லெகஸி. சர்வர் எழுந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. லெகஸியில்தான் எழுகிறது என்றால் அப்படியே விடலாம். ஆனால் இதுவரை டேட்டா எதுவும் ஏற்றவில்லை என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் யுஇஎஃப்ஐக்கு மாற்றி ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிடுவேன். முக்கியக் காரணம் டிஸ்கின் அளவு. டிஸ்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் பட்டியலால் 2 டிபிக்கு மேல் எட்டாது, 4 டிபியில் பாதி வீண். புதிய ஜிபிடி பட்டியல் போட்டு பயாஸிலேயே ஓட்டவும் முடியும், ஆனால் லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரலுக்கென்று 1 எம்பி அளவில் தனி பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். கையால் பிரிப்பவர்கள் மறப்பது அதைத்தான்.

மோடு மாற்றியும் எழவில்லையா? சரி, யுஇஎஃப்ஐயிலேயே வைத்து, பென் டிரைவில் யுஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்து உள்ளே போங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் ரெஸ்க்யூ மோடு இருக்கிறது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைக் காட்டினால், கிரப்பைத் திரும்பப் போடும் வசதி வரும். அதே பட்டியலில், கிரப்பை ரிமூவபிள் மீடியா பாதையில் கட்டாயமாக வைக்கும் வசதியும் உண்டு. அதையும் செய்யுங்கள். காரணம் இது: டெபியன் தன் பெயரில் ஒரு பூட் பதிவை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதி வைக்கும், சில ஃபர்ம்வேர்கள் அதை மதிக்காது அல்லது மறந்துவிடும். அப்போதும் எல்லா யுஇஎஃப்ஐயும் தேடிப்பார்க்கும் பொதுவான இடம் ஒன்று உண்டு, அங்கே ஒரு நகல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். ரெஸ்க்யூ பட்டியலில் இஎஃப்ஐ பார்ட்டிஷனே கண்ணில் படவில்லை என்றால், பென் டிரைவ் பழைய முறையில் தொடங்கியதோ, மேலே சொன்ன ‘வேண்டாம்’ பதிலோ காரணமாக இருக்கலாம். மறுபடி போடுவதுதான் எளிய வழி. கையொப்பமில்லாத நிரல்களைத் தொடங்க விடாத செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். டெபியன் 10 முதலே அதற்கு ஆதரவு இருக்கிறது. அங்கே கை வைப்பது கடைசியில் இருக்கட்டும்.

இரண்டு டிஸ்க் என்றீர்கள். பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு இருந்தால், அதன் சொந்த மெனுவில் எந்த வால்யூமிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று தனியாகக் குறிக்க வேண்டியிருக்கலாம். கார்டு இல்லாமல் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு என்றால், இஎஃப்ஐ பார்ட்டிஷன் வழக்கமாக ஒரு டிஸ்கில் மட்டுமே இருக்கும். ஃபர்ம்வேர் மற்ற டிஸ்கை முதலில் பார்த்துவிட்டுக் கைவிரிக்கலாம். பூட் வரிசையில் இரண்டையும் சேருங்கள். பிற்பாடு இரண்டாவது டிஸ்கிலும் ஒரு நகல் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் டிஸ்க் சாகும் நாளில் ரெய்டு இருந்தும் சர்வர் எழாது.

நானும் ஒருமுறை இப்படி ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன். பென் டிரைவ் இருந்தால் சர்வர் எழும், எடுத்தால் எழாது. இன்ஸ்டால் செய்யும்போது முதல் டிஸ்க் என்ற பெயரைப் பென் டிரைவ் பிடித்துக்கொள்ள, நான் பார்க்காமல் கிரப்பை அதிலேயே எழுதிவிட்டேன். கிரப் எங்கே போகட்டும் என்று கேட்கும் திரையில் டிஸ்கின் அளவையும் மாடல் பெயரையும் படிக்கும் வழக்கம் அன்றிலிருந்து.

இதையெல்லாம் செய்த பிறகு வேறு செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள், ஓர் அடி முன்னேறியிருக்கிறீர்கள். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால் கிரப் வந்துவிட்டது, தன் மற்ற கோப்புகளைத்தான் காணவில்லை. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றால் கெர்னல் ஏறிவிட்டது, ரூட் டிஸ்க் தெரியவில்லை. ரெய்டு கார்டின் டிரைவரை அப்போது சந்தேகப்படலாம். ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போனால், இணைக்க வேண்டிய டிஸ்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் இப்போது இல்லாத டிஸ்க் ஏதோ ஒன்று எழுதப்பட்டிருக்கிறது.

அப்புறம், கரண்ட் போய் வந்த பிறகு கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் மதர்போர்டின் பட்டன் பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை மாற்றாவிட்டால் சில போர்டுகளில் நீங்கள் மாற்றிய பூட் மோடும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.