பாக்ஸ் ஹில்லை விட லீத் ஹில்லுக்குத் தயாராகுங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள டார்கிங் நகரிலிருந்து குழுவோடு சைக்கிளில் கிளம்பி, அருகிலுள்ள பாக்ஸ் ஹில், லீத் ஹில் ஆகிய இரு குன்றுகளையும் ஒரே நாளில் ஏறினால் பின்தங்கிவிடுவோமோ என்று கேட்டிருந்தீர்கள். 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் ஆண்கள் 9 முறை சுற்றிவந்த பாக்ஸ் ஹில்லுக்குப் பெயர்தான் பெரிது, சுமார் 2.5 கிலோமீட்டர் நீளமும் சராசரியாக 5 சதவீத ஏற்றமும் கொண்ட அந்த வளைவுப் பாதையை நிதானமாக மிதித்தே கடந்துவிடலாம். காலைப் பதம் பார்ப்பது லீத் ஹில்தான். பின்சக்கரத்தின் மிகப் பெரிய கியருக்கு 25 பற்களே உள்ளதாக எழுதியிருப்பதால், உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துமா என்று கடையில் கேட்டு, ஏற்றத்தில் மிதிப்பது எளிதாக 32 பல் கொண்டதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் சென்று உச்சியில் காத்திருப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். இறக்கத்தில், மரங்கள் கவிந்த குறுகிய பாதைகளில் ஈர இலையும் சரளையும் கிடக்கக்கூடும் என்பதால், வளைவுக்கு முன்னரே பிரேக் பிடியுங்கள்.