பதவியை உதறிவிட்டு எழுதப் போன குடியரசுத் தலைவர் யாராவது உண்டா?

உண்டு. போர்ச்சுகலின் மனுவேல் தெய்ஷேரா கோமஸ். 1923 அக்டோபரில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்று, 1925 டிசம்பர் 11 அன்று ராஜினாமா செய்தவர். ஆறே நாளில், டிசம்பர் 17 அன்று, லிஸ்பனில் ஒரு டச்சு சரக்குக் கப்பலில் ஏறினார். அதற்கப்புறம் கிட்டத்தட்ட பதினாறு வருடம் உயிரோடு இருந்தார். பிறந்த நாட்டில் மறுபடி கால் வைக்கவே இல்லை.

எழுத்தாளராக இருந்து போர்ச்சுகலின் தலைவரானவர் என்றால் பலரும் முதலில் தியோஃபிலோ பிராகாவைத்தான் சொல்வார்கள். 1910-ல் மன்னராட்சி கவிழ்ந்ததும் தற்காலிக அரசுக்குத் தலைமை ஏற்ற பேராசிரியர் அவர். பெரிய மனிதர்தான். ஆனால் உங்கள் கேள்வி விட்டுப் போனவரைப் பற்றியது. அதற்கு கோமஸ்தான் பதில்.

நான் இரண்டு வருடம் லிஸ்பனில் வேலை பார்த்தேன். ஒரு நீண்ட வார விடுமுறையில் தெற்கே அல்கார்வ் பகுதிக்குப் போனபோதுதான் இவரைப் பற்றித் தெரிய வந்தது. போர்த்திமாவ் என்ற ஊர். அராட் ஆறு கடலில் கலக்கிற இடம். பழைய மத்தி மீன் டப்பா தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் உலர்ந்த அத்திப்பழத்தைக் கீறி, உள்ளே வாதாம் பருப்பை வைத்து, நட்சத்திரம் மாதிரி மடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மா ஒன்றைக் கையில் கொடுத்து, 'எங்கள் ஊர் ஜனாதிபதி வீட்டு வியாபாரமே இதுதான்' என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜம்தான். கோமஸின் அப்பா அத்தியும் வாதாமும் ஏற்றுமதி செய்த வியாபாரி.

கோமஸ் பிறந்தது அந்த ஊரில், 1860-ல். கோயிம்பிராவுக்கு மருத்துவம் படிக்கப் போய் பாதியில் விட்டார். லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் எழுத்தாளர்கள், ஓவியர்களோடு சுற்றினார். பிறகு அப்பாவோடு சமாதானமாகி வியாபாரத்தில் இறங்கினார். சரக்கு விற்கப் பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து, வட ஆப்பிரிக்கா என்று போவார். போன இடத்திலெல்லாம் அருங்காட்சியகத்தையும் கடலையும் பார்ப்பார். அந்தப் பயணங்களிலிருந்து வந்தவைதான் அவருடைய எழுத்து. 1904-ல் வந்த நூலின் பெயரே 'நீல ஆகஸ்ட்'. வெயில், கடல், உடம்பின் அழகு இவற்றைக் கூச்சமே இல்லாமல் கொண்டாடுகிற உரைநடை. 1909-ல் ஒரு சிறுகதைத் தொகுதி வந்தது.

அதன் பிறகு இருபத்து மூன்று வருடம் புதிய நூல் ஒன்றுமே இல்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். 1910 அக்டோபர் 5-ல் குடியரசு வந்தது. மறு வருடமே, ஐம்பது வயது தாண்டிய இந்த அத்திப்பழ வியாபாரியை லண்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள். வேலை லேசானது இல்லை. துரத்தப்பட்ட மன்னர் இரண்டாம் மனுவேல் தஞ்சம் புகுந்திருந்ததே இங்கிலாந்தில்தான்; பிரிட்டிஷ் மன்னர் குடும்பத்தின் அனுதாபம் முழுக்க அவர் பக்கம். அந்த ஊரில் போய் நின்று, மன்னரை விரட்டிய குடியரசுக்காகப் பேச வேண்டும். 1911 செப்டம்பரில் பிரிட்டன் குடியரசை அங்கீகரித்தது. 1916-ல் பிரிட்டன் கேட்டுக்கொண்டபடி போர்ச்சுகல் தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்ற, மார்ச் 9 அன்று ஜெர்மனி போர் அறிவித்தது. அந்த நாட்களிலும் லண்டனில் இருந்தவர் இவர்தான். இடையில் சிதோனியோ பாய்ஸ் என்ற ராணுவ அதிகாரி புரட்சி செய்து போர்ச்சுகலில் ஆட்சியைப் பிடித்தபோது கோமஸின் பதவி போனது. பாய்ஸ் கொல்லப்பட்ட பிறகு கோமஸை மறுபடி அழைத்தார்கள். நாட்டுக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் போய் நின்றார், பேனாவை மூடி வைத்துவிட்டு.

1923-ல் நாடாளுமன்றம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது வயது 63. அந்த முதல் குடியரசு மொத்தம் இருந்ததே பதினாறு வருடம்தான். அதற்குள் நாற்பத்தைந்து அரசாங்கங்கள். இவர் இருந்த இருபத்தாறு மாதத்தில் மட்டும் பிரதமர் நாற்காலி ஏழு முறை கைமாறியது. 1925 ஏப்ரலில் ராணுவத்தில் ஒரு பிரிவு கலகம் செய்தது, அடக்கினார்கள். எதிரிகள் அவருடைய பழைய கதைகளைத் தோண்டி எடுத்து, ஒழுக்கம் கெட்டவர் என்று பேசினார்கள். டிசம்பர் முதல் வாரம் கள்ள நோட்டு விவகாரம் வெடித்தது. அல்வெஸ் தோஸ் ரெய்ஸ் என்ற ஆள் போலி ஒப்பந்தத்தைக் காட்டி, அரசுக்கு நோட்டு அடித்துக் கொடுத்த லண்டன் அச்சகத்திலேயே ஐந்நூறு எஸ்குடோ (அன்றைய போர்ச்சுகல் நாணயம்) நோட்டுகளை அச்சடிக்க வைத்திருந்தான். அசல் அச்சகம், அசல் காகிதம். எது கள்ள நோட்டு என்று எப்படிப் பிரிப்பது?

ரெய்ஸ் கைதான ஐந்தாம் நாள் கோமஸ் ராஜினாமா செய்தார். சொன்ன காரணம் உடல்நிலை. அதை யாரும் முழுசாக நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஓடிப்போனார் என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதினான்கு வருடம் கொடுத்துவிட்டார், வயது 65. தனக்கென்று மிச்சமிருந்த காலத்தை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் பெர்னார்தினோ மஷாதோ. ஆறு மாதம் தாக்குப்பிடிப்பதற்குள், 1926 மே 28-ல் தொடங்கிய ராணுவப் புரட்சியில் அவரும் போனார், குடியரசும் போனது.

கோமஸ் ஏறிய கப்பலின் பெயர் 'ஜீயஸ்', கிரேக்கக் கடவுளின் பெயர். கிரேக்கத்தை உயிராக நேசித்தவருக்கு அப்படி ஒரு கப்பல் வாய்த்தது. அல்ஜீரியாவின் ஓரானில் இறங்கி, சில வருடம் மத்தியதரைக் கடலைச் சுற்றி அலைந்தார். 1931-ல் பூஜி என்ற துறைமுக ஊருக்கு வந்தார். இன்றைய பெஜாயா. மெழுகுவர்த்திக்கு பிரெஞ்சில் 'பூஜி' என்று பெயர் வந்ததே அந்த ஊர் மெழுகால்தான். மலை அப்படியே இறங்கிவந்து கடலைத் தொடுகிற இடம். 'எத்துவால்' என்ற சின்ன ஓட்டலில், 13-ஆம் எண் அறை. எத்துவால் என்றால் நட்சத்திரம். அறையை எடுத்தவர் பத்து வருடம் காலி செய்யவில்லை.

அங்கேதான் பேனா மறுபடி திறந்தது. ஓவியர் கொலும்பானோ அவருடைய நெருங்கிய நண்பர். தலைவராக இருந்த இவரை வரைந்தவரும் அவர்தான், அந்தப் படத்தை லிஸ்பனில் பெலெம் மாளிகை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கொலும்பானோவுக்கு எழுதிய கடிதங்கள் 1932-ல் நூலாக வந்தபோது கோமஸுக்கு 72 வயது. நண்பர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிறகு 1935-ல் காமம் பற்றிய குறுநாவல்கள். எந்த எழுத்தை வைத்து அவரைத் தூற்றினார்களோ, அதையே இன்னும் வெளிப்படையாக எழுதினார், அதுவும் போர்ச்சுகலில் சர்வாதிகாரி சலசார் ஆட்சியின் தணிக்கைக் காலத்தில். 1938-ல் 'மரியா அதெலாய்த்' நாவல்.

சொந்த ஊரில் அவருக்கு இரண்டு மகள்கள். அவர்களுடைய தாய் மீனவக் குடும்பத்துப் பெண். கோமஸ் அவரை முறைப்படி மணக்கவில்லை. அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுப் போனதற்கு மட்டும் என்னால் அவருக்காக வாதாட முடியவில்லை.

1941 அக்டோபர் 18 அன்று, 81 வயதில், பூஜியில் இறந்தார். உடலை போர்த்திமாவுக்குக் கொண்டுவர 1950 ஆனது. லண்டன் வாழ்க்கையைப் பற்றிய நூல், அந்த ஊரில் தூதராக இருந்த வருடங்களில் எழுதாமல் விட்டது, அவர் இறந்த மறு வருடம் அச்சாகி வந்தது.