நாத்தனார் முடிச்சைப் போட்டவர் நீங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாழ்ந்த என் அண்ணன் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு அவர் பெயரில் மட்டுமே இருக்கிறது. பெற்றோரும் இல்லை, குழந்தைகளும் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அங்கேயே ஒரு மண்டபத்தில் தாலி கட்டினார்; நாத்தனார் முடிச்சை நான்தான் போட்டேன். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. அதனால் அவருடன் வாழ்ந்த பெண்ணுக்கு உரிமை இல்லை, வீடு எனக்கும் தம்பிக்கும்தான் என்கிறார்கள். உண்மையா? அவர் எப்போது காலி செய்ய வேண்டும்?

பதில்: உண்மைதான். உயிலில்லாச் சொத்து யாருக்குச் சேரும் என்பதை இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. சட்டப்படி மணந்த மனைவி இருந்து, பிள்ளைகள் இல்லையென்றால், 2014-இல் வந்த திருத்தத்தின்படி முழுச் சொத்தும் அவருக்கே. பதிவு இல்லாமல் அங்கே மண்டபத்தில் தாலி மட்டும் கட்டியது சட்டப்படியான மணமாகாது; அப்படிச் சட்டப்படி மணமாகாதவர் எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் அந்த வரிசையில் அவருக்கு இடமே இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில் சொத்து உடன்பிறந்தோருக்குப் போகிறது.

ஆனால் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன அந்த முடிச்சை நான் தாண்ட மாட்டேன். மாப்பிள்ளையின் சகோதரியை அழைத்து முடிச்சுப் போடச் சொல்வது, இந்தப் பெண்ணை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொண்டது என்று ஊர் அறியச் சொல்வதற்காகத்தான். அந்தக் கையாலேயே அவரை 'அவருடன் வாழ்ந்த பெண்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் உங்களுக்கு அண்ணி இல்லையா? முகூர்த்தம் குறிக்க முடிந்த குடும்பத்தில், பதிவாளர் அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் அண்ணனையும் சேர்த்தே சொல்கிறேன்: மனைவிக்குப் பாதுகாப்புச் செய்து வைப்பது கணவனின் முதல் கடமை, அதில் அவர் தவறிவிட்டார். அந்தத் தவற்றின் பலனை நீங்கள் அனுபவிப்பது எந்த நியாயம்?

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இறப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர், தமக்கு நியாயமான பங்கு வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அதைக் கடந்தால் நீதிமன்றத்தின் தனி அனுமதி தேவைப்படும். வழக்கு நடந்தால் இரு தரப்புச் செலவும் அந்த வீட்டின் மதிப்பையே தின்னக்கூடும்.

அவரை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள். வாரிசுகள் தங்கள் பங்கை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுத இங்கிலாந்துச் சட்டம் இடம் தருகிறது. இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய வாசகத்துடன் எழுதினால், வரிக் கணக்கிலும் அண்ணனே கொடுத்ததாகக் கொள்ளப்படும். தம்பியை அழைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போய் வீட்டை அண்ணி பெயருக்கு எழுதிக் கொடுங்கள். தம்பி மறுத்தால், உங்கள் பாதியையாவது எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஆறு மாதக் கெடுவை நீங்களே அண்ணியிடம் நேரில் சொல்லுங்கள்.