விமானத்தில் டெஸ்க்டாப் போகுமா?

கேள்வி: மகன் வேலைக்காகப் பெங்களூரு போகிறான். அவனுடைய பெரிய கேமிங் டெஸ்க்டாப்பை வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) விமானம் ஏறும்போது கொண்டுபோகலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் அப்படியே வேண்டாம். முதலில் அடிபடுவது, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு. ஒரு கிலோவுக்கு மேல் கனமானதும் உண்டு. பெட்டி விழுந்தால் அது செருகியிருக்கும் மதர்போர்டு (முதன்மைப் பலகை) ஸ்லாட்டையே பிய்த்துவிடும். பின்பக்க ஸ்குருவைக் கழற்றி, ஸ்லாட் ஓரப் பூட்டை அழுத்தியபடி நேராக இழுக்கச் சொல்லுங்கள். நிலைமின்சாரத்திலிருந்து காக்கும் ஆன்டிஸ்டாட்டிக் உறையிலிட்டுக் கைப்பையில் வைக்கட்டும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைக் குளிர்விக்கும் பெரிய ஏர் கூலரையும் கழற்றவேண்டும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுமுன் லேசாகத் திருகி எடுத்தால் பிராசஸர் ஒட்டிக்கொண்டு வராது. மறுபடி மாட்ட, இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தும் புது தெர்மல் பேஸ்ட் அவசியம். கேபினட்டின் (கம்ப்யூட்டர் பெட்டியின்) கண்ணாடிக் கதவைத் தனியே சுற்றுங்கள். கேபினட்டோடு வந்த தெர்மோகோலும் அட்டைப்பெட்டியும் பரணில் கிடந்தால் அதுவே உத்தமம். சிறிய ஏடிஆர் விமானமானால், பெட்டியின் அளவையும் எடையையும் சொல்லி விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.