பழைய கேமராவுக்குச் சின்ன பில்டர்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பிலிம் கேமராக்கள் மறுபடி வெளியே வர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றின் தோல் உறைக்குள்ளிருந்து சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடிகளும் வருகின்றன. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அந்தக் கண்ணாடிகளைப் பற்றியவைதான்.

தாத்தாவின் யாஷிகா மேட் கேமராவோடு மஞ்சள், இளம்பச்சை, சிவப்பு என்று மூன்று பில்டர் கிடைத்தன. கருப்பு வெள்ளை ரோலில் வயலை எடுக்க எதைப் போடலாம்? (திருவையாறு)

இளம்பச்சையைப் போடுங்கள். டெல்டாவில் ஒரே ஒரு பில்டர் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நான் அதைத்தான் சொல்வேன். கருப்பு வெள்ளை என்றதும் எல்லோரும் சிவப்பைத் தேடுகிறார்கள். வானம் கறுத்து மேகம் வெளுத்து நிற்கும் படம் பார்த்த உடனே பிடித்துவிடுகிறது. பாறையும் மணலுமான நிலத்தில் அது எடுபடும். நம் பக்கம் படத்தில் பாதிக்கு மேல் பயிர்தான் இருக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சிவப்புக் கண்ணாடி போட்டால் வானத்தோடு வயலும் கறுத்துப்போகும்; தோகை எது, நிழல் எது என்று தெரியாது. இளம்பச்சை அப்படியல்ல. நீலத்தையும் சிவப்பையும் அடக்கி, பச்சையைத் தாராளமாக விடும். பயிர் துலங்கும், வானமும் ஓரளவு இறங்கும், வரப்பில் நிற்பவரின் முகமும் கெடாது. மாற்றம் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் போட்டும் போடாமலும் இரண்டு பிரேம் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், தெரியும்.

வளையத்தில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். 2 எக்ஸ் என்றால் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரு மடங்காக்குவது), 4 எக்ஸ் என்றால் இரண்டு, 8 எக்ஸ் என்றால் மூன்று ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் வேண்டும். ரோலைஃப்ளெக்ஸ் பில்டர்களில் கழித்தல் குறி போட்டு எழுதியிருப்பது நேரடியாக ஸ்டாப் கணக்கு. அதைப் பெருக்கல் என்று படித்துவிடாதீர்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு 1/500, எஃப் 16 வைப்பீர்கள் என்றால், 4 எக்ஸ் இளம்பச்சை போட்டதும் லென்ஸின் துவாரத்தை இரண்டு ஸ்டாப் திறந்து எஃப் 8. உங்கள் மேட் 124 ஜி மாடலாக இருந்தாலும் மீட்டரின் கண் லென்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது, பில்டர் போட்டது அதற்குத் தெரியாது. நீங்கள்தான் கூட்ட வேண்டும். கீழ் லென்ஸில் மாட்டுங்கள். மேலே உள்ளது பார்ப்பதற்கு மட்டும்.

தை பிறந்து சம்பா பழுத்துவிட்டால் கணக்கு மாறும். முற்றிய கதிர் மஞ்சள். அப்போது மஞ்சள் பில்டர் போட்டால் கதிர் வெளுத்து ஒளிரும், பின்னால் இருக்கும் நீல வானம் அடங்கும். ஒரே வயலுக்கு மார்கழியில் ஒரு கண்ணாடி, தையில் இன்னொன்று.

ஜோர்க்கி 4 என்ற பழைய ரஷ்ய கேமரா வைத்திருக்கிறேன். எந்த அளவு பில்டர் வாங்குவது என்று புரியவில்லை. வேறு அளவு பில்டரை மாட்ட லேத்தில் கொடுத்து ஒரு வளையம் செய்துகொள்ள முடியுமா? (கும்பகோணம்)

முதலில் லென்ஸின் பெயரைப் பாருங்கள். ஜூபிட்டர் 8 அல்லது இண்டஸ்டார் 61 என்றால் 40.5 மில்லிமீட்டர் மரை. உள்ளே தள்ளி மடக்கும் இண்டஸ்டார் 50 என்றால் மரையே கிடையாது. 36 மில்லிமீட்டர் வளையத்தை வெளியிலிருந்து அழுத்தி மாட்ட வேண்டும். லென்ஸின் உள்பக்கத்தை வெர்னியரில் அளந்தால் 40.5 வராது, 40 அளவில்தான் காட்டும். மரையின் பல் உயரம் அதில் கழிந்துவிடுகிறது. இது தெரியாமல் 40 மில்லிமீட்டர் பில்டரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

ரஷ்யத் தயாரிப்பு பில்டர் கிடைத்தால் விடாதீர்கள். மஞ்சள் பில்டர் வளையத்தில் நடுவே ஒரு கோடும் இரண்டு பக்கமும் விரிந்த கால்களுமாக ஒரு எழுத்து இருக்கும், பக்கத்தில் 1.4 அல்லது 2 என்று எண். எடை அதிகம், உழைப்பும் அதிகம்.

வளையம் கண்டிப்பாகச் செய்யலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே நாச்சியார்கோவில் இருக்கிறது. குத்துவிளக்குத் தண்டைக் கடைந்து இழைக்கும் கைகளுக்கு ஒரு பித்தளை வளையம் பெரிய வேலை இல்லை. ஆனால் வெறும் விட்டத்தைச் சொன்னால் போதாது, மரையின் இடைவெளியையும் சொல்ல வேண்டும். 40.5 பக்கம் 0.5 மில்லிமீட்டர், மறுபக்கம் 49 மில்லிமீட்டர் பில்டருக்கு வைத்தால் 0.75. இவ்வளவு மெல்லிய மரை போடும் லேத்தா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரிக்கு லென்ஸைக் கொடுக்காதீர்கள், ஒரு பழைய பில்டரைக் கொடுங்கள். பித்தளையே கேளுங்கள், அலுமினியத்தோடு அலுமினியம் சேர்ந்தால் கடித்துக்கொள்ளும். 49க்கு மேல் போகாதீர்கள், ஜோர்க்கியில் வளையம் பெரிதாகப் பெரிதாக வ்யூஃபைண்டரின் மூலையை மறைக்கும். பெரிய லென்ஸில் சின்ன பில்டரை மாட்டுகிற வளையம் மட்டும் வேண்டாம், படத்தின் நான்கு மூலையும் இருண்டுபோகும்.

யாஷிகா எலெக்ட்ரோ 35 தானே வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் கேமராவாயிற்றே, மஞ்சள் பில்டர் போட்ட ரோல் முழுக்க ஏன் வெளிறி வந்தது? (மன்னார்குடி)

அதன் ஒளிக்கண் லென்ஸுக்கு மேலே, கேமராவின் நெற்றியில் இருக்கிறது. பில்டர் மறைப்பது லென்ஸை மட்டும். வெளிச்சம் குறைந்தது தெரியாமல் கேமரா பழைய வேகத்திலேயே சுட்டிருக்கிறது, நெகடிவ் கருமை ஏறாமல் மெலிந்துவிட்டது. ஏஎஸ்ஏ டயலை, அதாவது பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை வைக்கும் டயலைத் திருப்பி இதைச் சரிக்கட்டலாம். 400 பிலிமுக்கு 2 எக்ஸ் பில்டர் என்றால் 200இல் வையுங்கள், 4 எக்ஸ் என்றால் 100. பில்டரைக் கழற்றும்போது டயலும் பழைய இடத்துக்கு வர வேண்டும்.

கேனோனெட் க்யூஎல்17 ஜி3, ஒலிம்பஸ் ட்ரிப் 35 இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. ஒளிக்கண் பில்டர் வளையத்துக்குள்ளேயே இருப்பதால் பில்டர் அதையும் சேர்த்து மூடும். ஆனால் ட்ரிப்புக்கு 43.5, கேனோனெட்டுக்கு 48 மில்லிமீட்டர் என்று இரண்டும் கடையில் எளிதில் அகப்படாத அளவு.

லென்ஸ் வழியாகவே அளக்கும் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மஞ்சளுக்கு மீட்டர் சொல்வதை நம்பலாம். அடர் சிவப்புக்கு நம்ப வேண்டாம். பழைய மீட்டர் செல்கள் சிவப்பை நம் பிலிம் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. பில்டர் இல்லாமல் அளந்து மூன்று ஸ்டாப் கூட்டுங்கள்.

பில்டர் லென்ஸோடு இறுகிவிட்டது. (சீர்காழி)

இரண்டு விரலால் கவ்விப் பிடித்துத் திருகுவதை முதலில் நிறுத்துங்கள். அழுத்த அழுத்த வளையம் முட்டை வடிவமாகி இன்னும் இறுகும். சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வளையத்தின் மேல் சமமாகப் படிய வைத்து, லேசாக அழுத்தி, இடப்பக்கமாகத் திருப்புங்கள். பெரும்பாலும் வந்துவிடும். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள், அது ஊர்ந்து போய் அபர்ச்சர் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். பில்டரோடு சேர்ந்து லென்ஸின் முன்பக்கமும் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

பிலிமை ஸ்கேன் செய்த பிறகு கம்ப்யூட்டரிலேயே வானத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளலாமே? எதற்கு இந்தக் கண்ணாடி? (தஞ்சாவூர்)

வண்ணப் படமாக எடுத்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. கருப்பு வெள்ளை பிலிமில் வண்ணம் பதிவாவதே இல்லை. பெரிய கோயில் விமானத்தின் செம்மை படிந்த கல்லும் பின்னால் உள்ள நீல வானமும் பிலிமில் ஒரே சாம்பலாக விழுந்துவிட்டால், அதன்பிறகு எந்த மென்பொருளுக்கும் எது கல், எது வானம் என்று தெரியாது. கையால் ஓரம் வெட்டிப் பிரிக்கலாம். விமானம் முழுக்கச் சிற்பங்கள் நிறைந்த அந்த ஓரத்தை வெட்டிப் பாருங்கள், பொழுது போய்விடும். ஒரு மஞ்சள் கண்ணாடி அந்தப் பிரிவினையைப் பிலிமில் ஒளி விழும்போதே செய்துவிடுகிறது. பிலிமில் எடுப்பதன் அழகே இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஷட்டரை அழுத்தும் முன்பே எது முன்னால் வர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

வானம் நீலமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். வெள்ளையாகப் புழுங்கிக் கிடக்கும் வானத்துக்கு எந்த பில்டரும் உதவாது. மழை கழுவிவிட்ட மறுநாள் காலையில் போங்கள்.

பில்டரின் ஓரத்தில் வானவில் மாதிரி வளையம் தெரிகிறது. இன்னொன்றில் நூல் நூலாகப் பூஞ்சை. அரிசிப் பானையில் போட்டு வைத்தால் சரியாகுமா? (நாகப்பட்டினம்)

இரண்டும் வேறு வேறு நோய். பழைய பில்டர்களில் ஒரு வகை முழுக்க வண்ணக் கண்ணாடி. இன்னொரு வகையில் சாயமேற்றிய ஜெலட்டின் தாளை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வானவில் வளையம் தெரிந்தால் அது இரண்டாவது வகை, ஓரத்தில் பசை விட ஆரம்பித்திருக்கிறது. அதைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. ஓரத்தில் மட்டும் மெல்லிதாக விட்டிருந்தால் பயன்படுத்தலாம். நடுவுக்கு வந்துவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

பூஞ்சை பிடித்தது முழுக் கண்ணாடி என்றால் பிழைத்துக்கொள்ளும். உள்வளையத்தைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் விரல் நுனியால் கழுவுங்கள். போகவில்லை என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சற்று நேரம் ஊறவையுங்கள். கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றுங்கள். பூஞ்சை அரித்த தடம் கோட்டிங்கில் இருந்தால் அது போகாது.

அரிசிப் பானை வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதமா என்று அளந்து பார்க்கும் ஊர் நம்முடையது. அரிசிக்குள் ஈரம் இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தவிட்டுத் தூசியும் சேரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்குச் சாப்பாடு போடுவதே அதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலோரத்தில் இருக்கும் நீங்கள் ஜெல்லின் நிறம் மாறியதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

மார்கழி மூடுபனியை சிவப்பு பில்டர் ஊடுருவுமா? (திருவாரூர்)

ஊடுருவாது. தூரத்து நீலப் புகைமூட்டத்தைக் குறைக்கும். மூடுபனி நீர்த்துளி, அது எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். பனி வேண்டும் என்றால் எந்த பில்டரும் போடாமல் எடுங்கள். வேண்டாம் என்றால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.

இதே மஞ்சள் பில்டரைக் கலர் ரோலில் போடலாமா? (பேராவூரணி)

வேண்டாம். படம் முழுக்க மஞ்சளாகத்தான் வரும்.

தங்கை கல்யாணத்தைக் கருப்பு வெள்ளையில் எடுக்கப் போகிறேன். அரக்கு நிறக் கூறைப்புடவை. என்ன பில்டர்? (மயிலாடுதுறை)

சிவப்பு பில்டர் பையிலேயே இருக்கட்டும். போட்டால் கூறைப்புடவை வெளிறிப்போகும். நெற்றிக் குங்குமம் தோலின் நிறத்தோடு கலந்து காணாமலே போய்விடும். இளம்பச்சை இதற்கு நேர்மாறு. புடவை அடர்ந்து நிற்கும், அதன் மேல் சரிகைக் கட்டம் தெளியும், குங்குமம் பொட்டாக நிற்கும். மணப்பெண்ணின் நிறத்தைச் சற்றுக் கறுப்பாகக் காட்டும், அதனால் முகத்துக்குக் கால் ஸ்டாப் தாராளமாகவே வெளிச்சம் கொடுங்கள்.

ஆனால் பந்தலுக்குள் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைப் பில்டருக்குக் கொடுத்துவிட்டால் 400 பிலிம் தாங்காது. தாலி கட்டும்போது பில்டர் இல்லாமலே எடுங்கள். ஹோமத் தீயும் விளக்கும் எதிரே இருக்கும்போது கோட்டிங் இல்லாத பழைய கண்ணாடி லென்ஸின் முன்னால் இருந்தால் சுடரின் நிழலுரு படத்தின் வேறொரு மூலையில் வந்து நிற்கும். பாதுகாப்புக்கு என்று போட்டிருக்கும் யூவி பில்டரையும் கழற்றிவிடுங்கள். முகூர்த்தம் முடிந்து பொண்ணு மாப்பிள்ளை வாசல் வெளிச்சத்துக்கு வந்ததும் இளம்பச்சையை மாட்டுங்கள். அந்தப் படத்துக்கு ரோலில் நாலு பிரேமாவது மிச்சம் வைத்திருங்கள்.