ஜேர்மனியில் ஒரு வருடத் தொண்டு: எட்டு இலட்சம் எதற்கு?

நோர்வூட் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். வயது 20. ஜேர்மனியில் ஒரு வருடம் முதியோர் இல்லத்தில் தொண்டு செய்துகொண்டே நாலு நாடு பார்க்கலாம் என்று ஹட்டனில் ஒருவர் சொல்கிறார். எட்டு இலட்சம் கேட்கிறார். அம்மா நகையை அடகு வைத்து 50,000 முற்பணம் கட்டிவிட்டார். என் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியும் அவரிடம்தான் இருக்கிறது. மீதியைக் கொடுக்கலாமா? பிறப்புச் சான்றிதழில் என் பெயர் வேறு மாதிரி இருக்கிறது, அது சிக்கலாகுமா?"

மீதியைக் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். பெயர் விஷயம் சிக்கல்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர் சொல்லும் திட்டம் பொய்யில்லை. உண்மையான ஒன்றைக் காட்டிக் காசு கேட்பதால்தான் இவ்வளவு பேர் நம்பிவிடுகிறார்கள். ஜேர்மனியில் எப்.எஸ்.ஜே. எனப்படும் தன்னார்வ சமூக வருடத்துக்கு 1964 முதலே சட்டம் இருக்கிறது. பி.எப்.டி. எனப்படும் கூட்டாட்சித் தன்னார்வ சேவை 2011 ஜூலையில் வந்தது. கட்டாய இராணுவ சேவையையும், அதற்குப் பதிலாக இளைஞர்கள் செய்த சிவில் சேவையையும் அந்த வருடம் நிறுத்தினார்கள். முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் விழுந்த வெற்றிடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. எப்.எஸ்.ஜே.க்கு 27 வயதுக்குள் இருக்க வேண்டும், பி.எப்.டி.க்கு மேல் வயதெல்லை இல்லை. இரண்டும் வழமையாக 12 மாதம். வெளிநாட்டவரும் சேரலாம்.

இனி அந்த எட்டு இலட்சம். இந்தச் சேவைக்கு உங்களை எடுப்பது ஓர் ஒப்பந்தம். எப்.எஸ்.ஜே. என்றால் அதில் வழமையாக மூன்று தரப்பு: நீங்கள், நீங்கள் வேலை செய்யப்போகும் இல்லம், பொறுப்பெடுக்கும் அமைப்பு. இந்தப் பொறுப்பு அமைப்பை ஜேர்மன் மொழியில் 'ட்றேகர்' என்பார்கள். கரித்தாஸ், டியாகொனி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புகள், ஜேர்மன் செஞ்சிலுவை போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. பி.எப்.டி. என்றால் உங்களோடு ஒப்பந்தம் செய்வது ஜேர்மன் அரசே. அரசின் சார்பில் கையொப்பமிடுவது கெல்ன் நகரிலுள்ள கூட்டாட்சி அலுவலகம். இரண்டிலும் ஹட்டன் முகவர் கையொப்பமிட ஓர் இடம் கிடையாது. இடம் தருவது இல்லம், வீசா தருவது தூதரகம். அப்படியானால் அவர் விற்பது எதை?

அவரிடம் ஒரு கடிதம் இருக்கும். சிவப்பு முத்திரை, மேலே கொடி, கீழே 'அழைப்புக் கடிதம்' என்ற தலைப்பு. அதை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தைக் கேளுங்கள். உண்மையான ஒப்பந்தத்தில் இல்லத்தின் பெயரும் முகவரியும், சேவை தொடங்கும் நாளும் முடியும் நாளும், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், கைச்செலவுப் பணம் எத்தனை யூரோ, தங்குமிடமும் சாப்பாடும் உண்டா, விடுமுறை எத்தனை நாள் என்பதெல்லாம் எழுதியிருக்கும். இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: 27 வயதுக்கு உட்பட்டவருக்கு 12 மாதத்தில் 25 கருத்தரங்கு நாட்கள் சட்டப்படி உண்டு. போலிக் கடிதம் எழுதுபவர்கள் சம்பளத்தைப் பெரிதாக எழுதுவார்கள், இந்த 25 நாளை மறந்துவிடுவார்கள். பிறகு அந்த இல்லத்தின் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் அதன் சொந்த இணையத்தளத்தில் நீங்களே தேடியெடுத்து, 'இந்தப் பெயரில் ஓர் ஒப்பந்தம் கொடுத்தீர்களா' என்று எழுதிக் கேளுங்கள். கடிதத் தலைப்பில் அச்சடித்த இலக்கத்துக்கு அழைத்தால் முகவரின் ஆள்தான் எடுப்பார்.

அவரை மடக்க ஒரு கேள்வி போதும்: இது வேலையா, தொண்டா? வேலை என்றால், ஆள் அனுப்ப வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி, பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். தொண்டு என்றால், தொண்டு செய்ய வரும் பிள்ளையிடம் எட்டு இலட்சம் எதற்கு? இரண்டு பதிலையும் மாறிமாறிச் சொல்லி நழுவுவதுதான் இவர்கள் வழமை. பணியகம் கேட்டால் தொண்டு, உங்கள் அம்மா கேட்டால் மாதம் நாலு இலட்சம் சம்பளம்.

அது சம்பளமே இல்லை. கைச்செலவுப் பணத்துக்குச் சட்டம் உச்ச எல்லை வைத்திருக்கிறது, 2025இல் அது மாதம் 644 யூரோ. பல இடங்களில் தருவது அதைவிடக் குறைவு. மருத்துவக் காப்புறுதி உட்பட சமூகக் காப்புறுதிப் பணத்தை முழுவதும் இல்லமே கட்டும். ஆகவே தங்குமிடம் தரும் இடத்தையே தேடுங்கள். மியூனிக் போன்ற நகரத்தில் அறை வாடகையே அந்தக் காசை விழுங்கிவிடும். செலவுக்கு வழி இல்லையென்றால் வீசாவும் கிடைக்காது. இந்த ஒரு வருடத்தில் கடன் அடைக்கலாம், வீடு கட்டலாம் என்று கணக்குப் போட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

'முதலில் விசிட் வீசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர் இந்தச் சேவைக்கான தேசிய வீசாவைக் கொழும்பிலுள்ள தூதரகத்தின் ஊடாக முன்னரே எடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. தாய்லாந்து வழியாக அனுப்புகிறோம் என்பவர்களிடம் இன்னும் கவனம். கணினி வேலை என்று அப்படிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

இப்போது பெயர். மலையகத்துப் பிள்ளைகளின் பயணம் தடைப்படுவது பெரும்பாலும் இங்கேதான். 'லெட்சுமி' என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். அதை ஆங்கிலமாக்கியவர் ஒரு விதமாக எழுதுவார். பாடசாலையில் சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பித்த ஆசிரியர் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டியிருப்பார். அடையாள அட்டையில் கடைசி எழுத்து வேறு. நாலு கடதாசி, நாலு லெட்சுமி. இது பிள்ளையின் பிழையும் அல்ல, பெற்றோரின் பிழையும் அல்ல. தோட்டத்து மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்காத அலுவலகங்களின் பிழை. திருத்தப் போனால், பொகவந்தலாவையிலிருந்து கினிகத்தேனைவரை பஸ் ஏறி, 'இன்று அதிகாரி இல்லை' என்று கேட்டுத் திரும்பிய காலம் எத்தனை வருடம்! ஒரு நாள் போனால் தோட்டத்தில் ஒரு நாள் பெயர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை, கைக்காசும் போச்சு. இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

திருத்தம் பிறப்புச் சான்றிதழிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர் கடிதம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தைக் கொடுத்த நாளையும் கோவை இலக்கத்தையும் எழுதி வாங்காமல் வரவேண்டாம். பிறப்புச் சான்றிதழ் சரியான பிறகு அடையாள அட்டை, அதன் பிறகு கடவுச்சீட்டு. கடவுச்சீட்டுக்குக் கண்டிப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, பத்தரமுல்லைவரை போகத் தேவையில்லை. அவசரத்தில் பலர் கடவுச்சீட்டை முதலில் எடுத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அதற்கேற்ப வளைக்கப் பார்த்து இரண்டு தடவை செலவழிக்கிறார்கள்.

'இரண்டு பெயரும் ஒருவரே' என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுத்தால் போதாதா? இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஓரிடத்தில் மட்டும் அது உதவும்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்து, பரீட்சைச் சான்றிதழில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தால். அப்போதும் பரீட்சைத் திணைக்களத்தில் திருத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். பிறந்த திகதி மாறியிருந்தால் உதவாது. அப்பாவின் பெயர் முழுக்க வேறாக இருந்தாலும் உதவாது. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும் இருந்து, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் ஒட்டியிருந்தால், அங்கே 'குடும்பப் பெயர் எது' என்று ஒவ்வொரு படிவமும் கேட்கும். முதல் படிவத்தில் எப்படி எழுதினீர்களோ அப்படியே கடைசிப் படிவம்வரை எழுதுங்கள். ஒப்பந்தத்திலும் கடவுச்சீட்டின் எழுத்துத்தான் வரவேண்டும்.

இன்னொரு கடதாசியை அநேகமாக யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சின்ன வயதில் கிளினிக்கில் தந்த தடுப்பூசிப் பதிவேடு. 2020 மார்ச் முதல் ஜேர்மனியில் பாலர் பாடசாலை, வைத்தியசாலை போன்ற இடங்களில் வேலை செய்பவர், 1970க்குப் பிறகு பிறந்தவரென்றால், சின்னமுத்துத் தடுப்பூசி போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டு தடவை போட்டது பதிவில் இருக்க வேண்டும். லயத்தில் மழை ஒழுகியோ மண்சரிவிலோ அந்தக் கொப்பி போயிருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் புறப்படுமுன் மறுபடி போட்டு எழுதி வாங்குங்கள்.

எட்டு இலட்சத்தில் ஒரு பங்கை மொழிக்குச் செலவழித்தால் போதும். முதியோர் இல்லம் கேட்பது பேச்சு. பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று விளங்காதவரை அவர்கள் எடுக்க மாட்டார்கள். மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாகப் பிரிப்பார்கள், ஏ1தான் தொடக்கம். ஏ2வுக்குக் கீழே முயலாதீர்கள், பி1 இருந்தால் இடம் கிடைப்பது இலகு. பி1க்கு 45 நிமிடப் பாடமாக 350 முதல் 650 பாடங்கள் தேவை என்கிறது ஜேர்மன் மொழி கற்பித்துப் பரீட்சை நடத்தும் கேத்தே நிறுவனம். டொய்ச்ச வெல்ல என்ற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இணையத்தில் ஏ1இலிருந்து பி1வரை இலவசமாகவே படிப்பிக்கிறது. சான்றிதழ் மட்டும் கேத்தே போன்ற அங்கீகரிக்கப்பட்ட பரீட்சையினுடையதாக இருக்கட்டும். டியூஷன் வகுப்பு அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. பெரும்பாலான இடங்கள் ஆகஸ்ட், செப்டெம்பரில் தொடங்குவதால், அதற்கு முந்திய வருடக் கடைசியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலோ (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பக்கத்து முதியோர் இல்லத்திலோ சில மாதம் உதவி செய்து கடிதம் வாங்கி வையுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நாடு பார்க்கும் ஆசை நிறைவேறும். ஜேர்மன் வதிவிட அனுமதியோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைகளைத் திறந்துவைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தங்கலாம். சுவிஸ் அதில் அடங்கும், லண்டன் அடங்காது. கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் சேர்த்தே கொண்டு போங்கள். ஆனால் போக முடிவது விடுமுறை நாளில்தான். மற்ற நாளில் காலை முறைக்கு இருட்டோடு எழும்பி, முதியவரைக் கழுவித் துடைத்து, சாப்பாடு ஊட்டி, கைபிடித்து நடத்த வேண்டும்.

கொடுத்த 50,000த்தையும் பிறப்புச் சான்றிதழையும் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டு தரவில்லையென்றால் வாட்ஸ்அப்பில் 'அம்மா இன்ன திகதி தந்த 50,000' என்று எழுதி, அவர் பதில் சொல்ல வையுங்கள், அதைப் படமெடுத்து வையுங்கள். தரமாட்டேன் என்றால் அதோடு பொலிஸுக்கும், வேலை என்று சொல்லி வாங்கியிருந்தால் பணியகத்துக்கும் முறையிடுங்கள். பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு மிரட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. புதிய பிரதி பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், எப்படியும் நீங்கள் அங்கே பெயர் திருத்தப் போகத்தான் வேண்டும்.